ரேகை விழாத விரல்

என் அத்தைக்கு 68 வயது. அதில் நாற்பது வருடங்களுக்கு மேல் வெள்ளிக் கொலுசோடு போனது. சிறுமியாக இருந்தபோது மணி கோர்த்தார், பிறகு வளையம் பற்றவைத்தார், கடைசிக் காலத்தில் மெருகு போட்டார். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கி சிவதாபுரம், பனங்காடு வரை எத்தனையோ வீடுகளின் முன்னறை கொலுசுப் பட்டறைதான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்களுக்கு ஆசிட் வாடை தனியாகத் தெரியாது, வீட்டின் வாடையே அதுதான். அழுக்கெடுக்க ஆசிட், பளபளப்புக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர், தேய்க்கக் கம்பி பிரஷ். கொலுசு மின்ன மின்ன விரல் நுனி தேயும். அத்தையின் வலது பெருவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பாதி கரைந்த சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும்.

போன வருடம் ஒருநாள் அரிசி வாங்க அவரோடு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கருவியில் விரலை வைத்தார். விழவில்லை. கடைக்காரர் பொறுமையான மனிதர். "தலையில் ஒரு தேய் தேய்த்துவிட்டு வையுங்கள் அம்மா" என்றார். தலைமுடி எண்ணெய் பட்டால் சில சமயம் ரேகை விழும் என்பது ரேஷன் கடை வரிசையில் பிறந்த விஞ்ஞானம். அதுவும் நடக்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று பத்தும் முடிந்தன. பின்னால் நின்ற ஒருவர் "இனிமேல் கால் விரல்தான் பாக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தார். மூன்றாவது முறை போனபோது கடைக்காரரே ஒரு நோட்டை எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைப் போட்டு அனுப்பினார். அரிசி கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அத்தை சொன்னதுதான் என்னை விடவில்லை.

"இத்தனை வருஷம் இந்தக் கையைப் பார்த்துத்தான் கண்ணு கூலி கொடுத்தார்கள். இப்போது இந்தக் கை என்னுடையது இல்லை என்கிறது அது."

எனக்கு இது வீட்டுக் கதை மட்டும் இல்லை, பிழைப்பும் கூட. மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தனியுரிமைத் தாக்க மதிப்பீடு எழுதிக்கொடுக்கிறேன். உறவினர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். விளக்கினால் இதுதான்: ஒரு புதுக் கருவியோ மென்பொருளோ ஆட்களின் விவரங்களை வாங்கப் போகிறது என்றால், வாங்குவதற்கு முன்பே, யாருக்கு என்ன கெடுதல் வரக்கூடும் என்று யோசித்து எழுதி வைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 35ஆம் பிரிவு, ஆபத்து பெரிது என்று தோன்றும் இடங்களில் இதைக் கட்டாயமாக்குகிறது. எழுதிப் பார்த்தும் ஆபத்து குறைகிற வழி தெரியவில்லை என்றால், 36ஆம் பிரிவின்படி தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். ஆணையம் 8 வாரத்துக்குள் எழுத்துமூலம் ஆலோசனை சொல்ல வேண்டும். சிக்கலான விஷயமென்றால் இன்னும் 6 வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

இதே 35ஆம் பிரிவில் ஒன்பதாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. பொருத்தமான இடங்களில், யாருடைய விவரங்களை எடுக்கிறோமோ அவர்களிடமோ அவர்களின் பிரதிநிதிகளிடமோ கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. நான் நிரப்பும் படிவத்தில் அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. ஆறு வருடங்களாக அந்தப் பெட்டியில் நான் எழுதி வந்தது பெரும்பாலும் ஒரே சொல்தான்: "பொருந்தாது".

நான் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளரே அப்படித்தான் எழுதச் சொல்வார். "பொருத்தமான இடங்களில்" என்ற இரண்டு சொற்கள் போதும், யானையே புகுந்து போகலாம்.

இனி ஆணையங்களின் பக்கம். வரப்போகும் தொழில்நுட்பத்தை முன்கூட்டியே எட்டிப் பார்ப்பதை அவர்கள் ஒரு வேலையாகவே செய்கிறார்கள். பிரான்சின் சிஎன்ஐஎல் ஆணையத்துக்குள் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் 2021 முதல் 'டெக்சோனார்' என்ற பெயரில், அடுத்து கவனிக்க வேண்டிய தொழில்நுட்பங்களைத் தேர்ந்தெடுத்து அறிக்கை வெளியிடுகிறார். பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான ஐசிஓ 2022 டிசம்பரில் முதல் தொழில்நுட்பத் தொடுவான அறிக்கையைக் கொண்டுவந்தது. அடுத்த இரண்டு முதல் ஐந்து வருடங்களில் எது நம் வாசலுக்கு வரும் என்பது அதன் கணக்கு. இதே ஐசிஓ 2019 முதல் ஒரு சோதனைக் களமும் நடத்துகிறது. புதுக் கருவி செய்பவர்கள் ஆணையத்தின் ஆட்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கருவியை உருவாக்கலாம். ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்வது போலத்தான். மாணவனுக்கும் நல்லது, மதிப்பெண் போடுகிறவருக்குப் பாடமும் விளங்கும்.

இதற்கு முன்னால் நிலைமை வேறு. கோடாக் கேமரா 1888இல் வந்தது. அமெரிக்காவில் வாரனும் பிராண்டைஸும் "தனியாக விடப்படும் உரிமை" பற்றி எழுதியது 1890இல். உடனடிப் புகைப்படமும் செய்தித்தாளும் வீட்டுக்குள் நுழைகின்றன என்பது அவர்கள் புகார். பிரான்சில் குடிமக்களின் பதிவுகளையெல்லாம் ஓர் எண்ணால் இணைக்கும் 'சஃபாரி' என்ற அரசுத் திட்டம் 1974இல் பத்திரிகையில் அம்பலமாகி, ஊரே கொந்தளித்த பிறகுதான் 1978இல் சிஎன்ஐஎல் பிறந்தது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் விதிவிலக்கு. அரசு அலுவலகங்களுக்குள் கணினி நுழைந்துகொண்டிருந்த நேரத்திலேயே, 1970இல், உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அது போட்டுவிட்டது.

முன்கூட்டிச் செய்வதில் உள்ள சங்கடத்தை 1980இல் டேவிட் காலிங்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தொழில்நுட்பம் இளசாக இருக்கும்போது அதை எளிதாகத் திருப்பலாம், ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது. விளைவு தெரிய வரும்போது அது ஊரெல்லாம் பரவி, அதை நம்பியே பிழைப்பு என்றாகிவிடும். நம் ஊரில் முளையிலேயே கிள்ள வேண்டும் என்கிறோம். முளையில் கீரை எது களை எது என்று தெரிந்தால்தானே கிள்ளுவது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கதை இதில் எனக்குப் பிடித்தது. கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார்கள் தெருத்தெருவாகப் படம் பிடித்தபோது ஜெர்மனி முழுவதும் வீட்டு முகப்பைப் பற்றித்தான் பேச்சு. 2,44,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் வீட்டை மறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தன. ஆனால் 2010இல் ஹாம்பர்க் ஆணையம் கேமராவை விட்டுவிட்டு, அந்தக் கார்கள் வைஃபை விவரங்களை என்ன செய்கின்றன என்று துருவியது. விளைவு, போகிற வழியில் பூட்டில்லாத வைஃபைகளில் ஓடிக்கொண்டிருந்த தகவலின் துணுக்குகளையும் அந்தக் கார்கள் சேகரித்திருந்தன என்று மே மாதத்தில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. எல்லோரும் காரின் தலையில் இருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அலுவலகம் காரின் வயிற்றைத் திறக்கச் சொன்னது. முன்னறிவு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதில் ஜோசியம் எதுவும் கிடையாது, விடாமல் கேட்பதுதான் உண்டு.

ஆனால் ஒரு குறை எனக்குத் தொடர்ந்து கண்ணில் படுகிறது. அறிக்கைகளில் வருவது ஒன்று, தண்டனையில் முடிவது வேறு. ஐசிஓ 2023 ஜூனில் மூளை அலைகளைப் படிக்கும் கருவிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நல்ல அறிக்கை. எல்லோருக்கும் ஒரே மாதிரி மூளை என்று வைத்துக்கொண்டு கருவி செய்தால், மூளை வேறு விதமாக இயங்குகிறவர்கள் பாகுபாட்டுக்கு ஆளாவார்கள் என்று எச்சரித்தது. சரிதான். அதே ஐசிஓ 2024 பிப்ரவரியில் எதை நிறுத்தச் சொன்னது தெரியுமா? வருகைப் பதிவேட்டை. செர்கோ லெஷர் என்ற நிறுவனம் தன் 38 உடற்பயிற்சி, பொழுதுபோக்கு மையங்களில் 2,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் முகத்தையும் கைரேகையையும் வைத்து வருகை எடுத்தது. வேறு வழி வேண்டும் என்பவர்களுக்கு அட்டையோ கையெழுத்தோ முறையாகத் தரப்படவில்லை. ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் ஸ்வீடன் விதித்த முதல் அபராதமும் வருகைப் பதிவேட்டுக்குத்தான். ஷெலெஃப்டியோ என்ற ஊரில் ஒரு பள்ளி 22 மாணவர்களின் முகத்தை வைத்து வருகை எடுத்துப் பார்த்தது. 2019இல் 2 லட்சம் குரோனா கட்ட வேண்டி வந்தது.

'வளர்ந்துவரும் தொழில்நுட்பம்' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். பெயர் புதிதாக இருந்தால் எட்டிப் பார்க்கிறோம். பெயர் பழையது என்றால், அது புது இடத்துக்கு வந்திருந்தாலும், கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் தமிழக அரசு, பாதுகாப்பும் அறமும் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசு பயன்படுத்தும் அமைப்புகளை மக்களிடம் கொண்டு செல்லும் முன் எடை போட்டுப் பார்க்க, தனியுரிமையும் பாகுபாடின்மையும் அடங்கிய மதிப்பெண் அட்டை அதில் இருந்தது. அதே வருடம் நம் ரேஷன் கடைகளுக்குக் கைரேகைக் கருவி வந்தது. கைரேகையைச் செயற்கை நுண்ணறிவு என்று யார் சொல்வார்கள்? மதிப்பெண் அட்டை ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம்.

இத்தனைக்கும் அத்தையின் விரலை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆதார் தொடங்கும் முன், 2009 டிசம்பரில், அதற்கான உயிரியல் அடையாளக் குழு தன் அறிக்கையில் எழுதியது: கைரேகையின் தரம்தான் முக்கியம், இந்தியச் சூழலில் அது ஆழமாக ஆராயப்படவில்லை. மண்வெட்டி பிடிப்பவர், கல் உடைப்பவர் கைகளைப் பற்றிய கவலை அப்போதே இருந்தது. கருவிழியையும் சேர்த்து எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, முன்னறிவு இருந்தது. அதை ரேஷன் கடைக் கவுண்டர் வரை கையைப் பிடித்து அழைத்துவரும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை.

அந்தப் பொறுப்பைச் சட்டத்தில் எழுதிவைக்க ஒரு வாய்ப்பும் வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின்னால் 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த மசோதாவில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஒன்று இருந்தது. தனியுரிமையைப் பாதிக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றங்களையும் வணிக நடைமுறைகளையும் கண்காணிப்பது அதன் வேலைகளில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். நடைமுறை விதித்தொகுப்பு வெளியிடும் அதிகாரம் இருந்தது. சோதனைக் களமும் இருந்தது. 2022 ஆகஸ்டில் மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். 2023இல் நிறைவேறிய சட்டத்தில் இருப்பது ஒரு வாரியம். விவரம் கசிந்தால், புகார் வந்தால், விசாரிக்கும். தவறு உறுதியானால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடும். பல்லெல்லாம் வைத்தார்கள், கண்ணை எடுத்துவிட்டார்கள்.

விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். மத்திய அரசு 'குறிப்பிடத்தக்கவை' என்று அறிவிக்கும் பெரிய நிறுவனங்கள் மட்டும் வருடம் ஒருமுறை தாக்க மதிப்பீடு செய்து, அதன் சாரத்தை வாரியத்திடம் கொடுக்க வேண்டும். மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நல்லது, நிறுவனங்கள் தரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதில் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம், தமிழிலும். சட்டம் அத்தை போன்றவர்களை 'டேட்டா பிரின்சிபல்', அதாவது விவரங்களுக்கு உரியவர், என்கிறது என்று அவரிடம் சொன்னேன். "எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?" என்றார்.

மே மாதத்தில் அவரை ஏற்காடு கூட்டிப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். விடுதி வரவேற்பில் ஒரு பையன் டேப்லெட்டை நீட்டி, முகத்தைக் காட்டச் சொன்னான். ஆதார் நகலும் வேண்டும் என்றான். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுத்தேன், அவன் அதைச் செல்லாத நோட்டைப் பார்ப்பது போலப் பார்த்தான். எடுத்த முகத்தை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கிளவுடில் இருக்கிறது மேடம்."

அத்தை சன்னலைப் பார்த்தார். வெளியே மூடுபனி ஏரியை விழுங்கிக்கொண்டிருந்தது.

"கிளவுடு என்றால் மேகம்தானே? அப்படியானால் ஒருநாள் மழையாக இறங்கிவிடுமே" என்றார். பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் தரவுக் கசிவு பற்றி நான் பத்துப் பக்கம் எழுதுவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் ஒரு காபித் தோட்டத்துப் பெண் வந்து உட்கார்ந்தார். அத்தையின் வயது இருக்கும். ஐந்து நிமிடத்தில் இருவரும் கைகளை விரித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய விரல்கள் வழவழப்பாக இல்லை, வெடிப்பு வெடிப்பாக, கறை ஏறி, மரப்பட்டை மாதிரி இருந்தன. மிளகுக்கும் காபிக்கும் கொடுத்த கை. ரேகை விழாதது மட்டும் இருவருக்கும் பொது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செயலியில் படம் பிடித்துத்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள் அல்லவா, அதைப் பற்றியும் பேச்சு வந்தது. "மேட்டில் சிக்னல் கிடையாது அக்கா. போட்டோ ஏறினால்தான் கூலி ஏறும்" என்றார் அவர்.

தாக்க மதிப்பீடு என்ற யோசனையே சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து கடன் வாங்கியது. சேலத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 277 கிலோமீட்டர் எட்டு வழிச் சாலைக்கு 2018இல் வயலில் கல் நட்டபோது, கருத்துக் கேட்பு, சுற்றுச்சூழல் அனுமதி என்ற சொற்கள் டீக்கடையில் புழங்கின. வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்றே காலம் பற்றியதுதான். நிலத்தை எடுக்கும் முன்பே அனுமதி வேண்டும் என்றது 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம். அறிவிக்கை கட்டத்தில் அது தேவையில்லை, வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம். எந்த இடத்தில் நின்று கேட்பது என்பதற்கே இரண்டு நீதிமன்றங்கள் தேவைப்பட்டன. நிலத்துக்காவது கேட்க ஒரு கூட்டம், ஒரு மைக், கலெக்டர் அலுவலகத்து நாற்காலி என்று ஏதோ இருக்கிறது. விரலுக்கு ஒன்றுமில்லை.

ஊர் திரும்பிய வாரம் மேசையில் புதுப் படிவம் காத்திருந்தது. வாடிக்கையாளர் ஐரோப்பாவில் கண்ணாடிக்கூடாரப் பண்ணைகளுக்கு வருகைக் கருவி விற்பவர். தக்காளி, வெள்ளரி பறிக்கும் ஆட்கள் காலையிலும் மாலையிலும் உள்ளங்கையைக் காட்ட வேண்டும். ஆபத்துகள் என்ற பகுதியில் திருட்டு, கசிவு, வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துதல் என்று வழக்கமான மூன்றும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. கீழே அந்தப் பெட்டி. இந்த முறை "பொருந்தாது" என்று போடக் கை வரவில்லை. நாற்பது வருடம் ஆசிட்டில் வேலை செய்த ஒருவர், மலைத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் என்று பெயரில்லாமல் குறிப்பிட்டு, இருவரும் சொன்னதை எழுதினேன். கருவி ஒருவரை ஏற்க மறுத்தால் அன்றைய கூலி என்னவாகும் என்ற கேள்வியையும் சேர்த்தேன்.

வாடிக்கையாளரின் பதில் மறுநாளே வந்தது. மரியாதையான கடிதம். இரண்டு பேர், அதுவும் வேறு நாட்டவர், இவர்களை எப்படிப் பிரதிநிதிகள் என்று கொள்வது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் ஒப்புக்கொண்டேன், உங்கள் பண்ணையில் பறிக்கிறவர்களிடமே கேட்டுவிடுங்கள், கேட்கும்வரை இது இருக்கட்டும் என்று எழுதி, கூடவே செர்கோ உத்தரவையும் இணைத்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்த வரைவில் அட்டை மூலமும் வருகை பதியலாம் என்ற வரி சேர்ந்திருந்தது. பண்ணை ஆட்களிடம் கேட்டார்களா என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

அத்தைக்கு இப்போது இடது கண்ணில் புரை. அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். விரல் விழாவிட்டால் கண்ணைக் காட்டலாம் என்று ரேஷன் கடையில் கருவிழிக் கருவியும் வந்துவிட்டது. நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று கேட்டார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மேலே போய், திருத்தத்துக்கு வந்திருந்த படிவத்தைத் திறந்து, அவர் கேட்டதை அப்படியே தமிழில் தட்டச்சு செய்து, கீழே மொழிபெயர்ப்பும் சேர்த்தேன்.

"புரையை எடுத்த பிறகு அந்தக் கருவிக்கு என்னைத் தெரியுமா? தெரியவில்லை என்றால், நான்தான் நான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?"

அந்தப் பெட்டியில் 500 எழுத்துகள்தான் ஏறும். இரண்டு மொழியிலும் எழுதிய பிறகும் இடம் மீதி இருந்தது.